304-ஆ, 316-ஆ, ஜிஐ-யா? பினாங்கு வீட்டுக் கேட்டுக்கு எந்த உலோகம்

"தம்பி, கேட் மாத்தப் போறோம். 304 போதுமா, இல்ல 316 போடணுமா?"

மாதத்துக்கு நாலைந்து பேராவது இதைக் கேட்கிறார்கள். 304, 316 என்பவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின், அதாவது எவர்சில்வரின், தரங்கள்; ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. பிறையில் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருடம் கேட், கிரில், படிக்கட்டுக் கம்பி என்று வெட்டி ஒட்டியவன் நான். அதனால் ஒரே வார்த்தையில் பதில் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். நானோ திருப்பிக் கேட்பேன்: கேட் எங்கே நிற்கப் போகிறது? அதன்மேல் மழை விழுமா? வெல்டிங் யார்? அதற்குள் கேட்டவருக்குச் சலித்துப்போகும்.

போன மாதம் அழைத்தவர் தஞ்சோங் பூங்காவில் இருக்கும் ஓர் அக்கா. அவர் வீட்டு பால்கனியில் நின்றால் கடல் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் போட்ட கம்பி. "ஸ்டெயின்லெஸ்னு சொல்லித்தானே காசு வாங்கினான், எப்படித் துருப்பிடிக்கும்?" என்று கோபம். நேரில் போய்ப் பார்த்தேன். தூண்கள் தரையைத் தொடும் இடத்தில் அழகுக்காக ஒரு வட்ட மூடி போட்டிருப்பார்கள் இல்லையா, அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் தூக்கினேன். மூடிக்கு மேலே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. மூடிக்கு உள்ளே காப்பித்தூளைக் கரைத்துவிட்டது போல் கறுத்த சேறு. துடைத்துப் பார்த்தால் தூணில் கடுகளவு ஓட்டைகள் மூன்று. ஒன்றில் பென்சில் முனை உள்ளே இறங்கியது.

அந்த ஓட்டைகள் எப்படி வந்தன என்று புரிந்துவிட்டால், 304-ஆ 316-ஆ என்ற கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

ஸ்டெயின்லெஸை எது தின்கிறது

சாதாரண இரும்பு மொத்தமாகத் துருப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியும், சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம். ஸ்டெயின்லெஸின் குணம் வேறு. அதிலுள்ள குரோமியம் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் கனத்தில் ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் தானாகவே மூடிக்கொள்ளும். கடல் உப்பிலிருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை ஒரு புள்ளியில் உடைத்து, அது மூடிக்கொள்வதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டால், மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்கும்போதே அந்தப் புள்ளி மட்டும் உள்ளே குடைந்துகொண்டு போகும். இதுதான் குழி அரிப்பு. குழிக்குள் கரையும் உலோகம் அங்கிருக்கும் ஈரத்தை அமிலமாக்குகிறது. அந்த அமிலம் இன்னும் உலோகத்தைக் கரைக்கிறது. வெளியிலிருந்து மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. ஒருமுறை தொடங்கினால் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் கணக்கு.

சமையலறையிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். எவர்சில்வர் பானையில் தண்ணீர் சூடேறும் முன் கல்லுப்பைப் போட்டுக் கிளறாமல் விட்டால், அடியில் வெள்ளைப் புள்ளிகள் விழும். தேய்த்தாலும் போகாது. உப்பு கரையாமல் உட்கார்ந்த இடங்கள் அவை. பால்கனித் தூணிலும் அதே கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

மூடிக்கு அடியில் நடந்தது இதன் அண்ணன்: இடுக்கு அரிப்பு. இரண்டு தகடுகளுக்கு நடுவில், வாஷருக்கு அடியில், பாதி ஒட்டிய வெல்டிங்குக்குப் பின்னால் தண்ணீர் புகும், ஆனால் காற்று புகாது. ஆக்ஸிஜன் இல்லையென்றால் படலம் புதுப்பித்துக்கொள்ள முடியாது. அதனால், வெட்டவெளியில் குழி விழாத அளவு உப்புக்கும் இடுக்குக்குள் அரிப்பு தொடங்கிவிடும். நான் கழற்றிப் பார்த்த பழைய கம்பிகளில் பெரும்பாலானவை இடுக்கில்தான் போயிருந்தன.

இன்னும் மூன்று உண்டு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் தாழ்ந்தது, அதாவது எளிதில் அரிபடுவது, உயர்ந்ததற்குப் பலியாகும். ஸ்டெயின்லெஸ் கம்பியில் ஜிஐ போல்ட் போட்டால் போல்ட் போய்விடும். வெல்டிங் சூட்டில், சுமார் 450 முதல் 850 டிகிரி வரை, குரோமியம் கார்பனோடு சேர்ந்துகொண்டு உலோக மணிகளின் விளிம்பைக் காப்பில்லாமல் விட்டுவிடுவது இரண்டாவது. கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாத 304எல், 316எல் வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மூன்றாவது, இழுவிசையும் குளோரைடும் சேர்ந்து உண்டாக்கும் வெடிப்பு. அதுதான் ஆபத்தானது. கீழே தனியாகச் சொல்கிறேன்.

எதை வைத்து முடிவு செய்வது

உப்பு எவ்வளவு வருகிறது, அதை மழை கழுவுகிறதா: இதுதான் முதல் அளவுகோல். முக்கால்வாசிப் பேர் கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்ப்பார்கள். தூரம் முக்கியம்தான். பினாங்கு நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல் என்பதால், வடகிழக்குப் பருவக்காற்றில் அலை எகிறும் குவாந்தான், திரெங்கானு பக்கத்தை விட இங்கே உப்புத் தூறல் குறைவு. கோலாலம்பூரில் கடல் உப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாப்பாட்டு உப்பு தானாக நீர் கோத்துக்கொள்ளும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். நம் ஊர் இரவுகளில் கம்பியின்மேல் படிந்த உப்பு காய்வதே இல்லை. அதைப் போக்க மழையால்தான் முடியும். அதனால்தான் திறந்தவெளியில் நனைகிற கேட் நன்றாக இருக்கும், கூரையுள்ள கார் போர்ச்சுக்குள் நிற்கிற கம்பி பழுப்பேறும். இதை முதலில் கேட்பவர்கள் நம்புவதில்லை. கர்னி டிரைவ் பக்கம் நடக்கும்போது மழை படும் கம்பியையும் கூரைக்கடியில் உள்ள கம்பியையும் தடவிப் பாருங்கள். விரல் சொல்லும்.

அடுத்து இடுக்கும் வெல்டிங்கும். எந்த உலோகமானாலும் தண்ணீர் தேங்குகிற இடம் உண்டா, வெல்டிங் முழுச்சுற்றாக ஓடியதா, வெல்டிங் ஓரத்தில் வந்த நீலமும் பழுப்புமான நிறத்தை அமிலப் பசை போட்டு எடுத்தார்களா?

பிறகு, யார் கழுவப் போகிறார்கள். கடைசியாக, உடைந்தால் என்ன ஆகும். கேட் பழுப்பேறினால் அக்கம்பக்கத்தில் பேசுவார்கள், அவ்வளவுதான். பத்தாவது மாடி பால்கனிக் கம்பி விட்டுப்போனால் கதையே வேறு.

201: விலை குறைவு, பெயர் ஒன்றுதான்

இதுவும் ஸ்டெயின்லெஸ்தான், நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்தது. புதிதில் 304-க்கும் இதற்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 201-லும் காந்தம் ஒட்டாது. சோதனைத் திரவம் ஒன்று விற்கிறது, ஒரு சொட்டு விட்டால் மாங்கனீஸ் அதிகமுள்ளதில் நிறம் மாறும். அதை விட நல்லது, கதிர்வீச்சால் கலவையை அளக்கும் கைக்கருவி வைத்திருக்கும் பட்டறையில் ஒரு துண்டைக் கொடுத்துப் பார்ப்பது.

அக்காவின் கம்பியில் சொட்டு விட்டேன். சிவந்தது. ரசீதில் 304 என்று இருந்தது. அந்தக் கண்ட்ராக்டரின் போன் இப்போது வேலை செய்யவில்லையாம்.

வீட்டுக்குள், ஈரம் படாத அலமாரிக் கைப்பிடிக்கு 201 போதும். வெளியில், பினாங்கில், வேண்டாம். மலிவு என்று வாங்கினால் இரண்டாவது முறை வெட்டி எடுக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

304: நல்ல பிள்ளை, இடம் தெரிந்து வைக்க வேண்டும்

18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். புக்கிட் மெர்தாஜாம், கூலிம் பக்கம் வீட்டு கேட்டுக்கு, கோலாலம்பூரில் எங்கே வேண்டுமானாலும், மழை படும் இடத்தில் 304 தாராளமாகப் போதும். 316-க்குக் கொடுக்கும் கூடுதல் காசை நல்ல வெல்டருக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அதன் மறைந்த செலவுகள் இரண்டு. ஒன்று பட்டறையில்: சாதாரண இரும்பை அரைக்கும் கிரைண்டரின் பொறி பக்கத்தில் கிடக்கும் ஸ்டெயின்லெஸ்மேல் விழுந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரமே மிளகைத் தூவியது மாதிரிச் சிவப்புப் புள்ளிகள். பட்டறைக்குப் போனால் இரும்பும் எஸ்எஸ்-ஸும் (ஸ்டெயின்லெஸ்) ஒரே மேசையில் வெட்டுகிறார்களா என்று பாருங்கள், ஒரே ஒரு பார்வை போதும். இன்னொன்று வீட்டில்: டைல்ஸ் ஒட்டுபவர்கள் சிமெண்ட் கறையைப் போக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிக் கழுவுவார்கள். அந்த ஆவி போதும், புதுக் கம்பி ஒரே நாளில் கெட. டைல்ஸ் வேலை முழுக்க முடிந்த பிறகு கம்பியை மாட்டச் சொல்லுங்கள். ப்ளீச் ஊற்றித் தரை கழுவும் பழக்கமும் இதே ரகம்தான்.

316: கடலைப் பார்த்தவர்களுக்கு

304-ஓடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்தால் 316. குழி அரிப்பைத் தாங்கும் திறனை ஒப்பிட ஒரு கணக்கு உண்டு: குரோமியம் சதவீதம், கூட்டல் மாலிப்டினம் பெருக்கல் 3.3, கூட்டல் நைட்ரஜன் பெருக்கல் 16. 304-க்கு 18, 19 என்று வரும். 316-க்கு 24 அளவில் வரும். வித்தியாசம் உண்மையானது. ஆனால் "316 துருவே பிடிக்காது" என்று விற்பவர் சொல்வது பொய்.

கடலோரத்தில் 316-லும் தேநீர்க் கறை போல் ஒரு பழுப்பு படரும். பலமில்லாமல் போகாது, பார்க்க அசிங்கமாக இருக்கும். அது வருமா என்பதைக் கலவையைப் போலவே மேற்பரப்பும் தீர்மானிக்கிறது. சொரசொரப்பு 0.5 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே இருந்தால் உப்பு ஒட்ட இடமில்லை. நம் ஊரில் எல்லாரும் ஆசையாகக் கேட்பது ஹேர்லைன், அதாவது கோடு கோடாகத் தேய்த்த பாணி. அந்தக் கோடுகளே உப்புக்குப் பாத்தி. கடலோரமானால் கண்ணாடிப் பளபளப்பு வாங்குங்கள். ஹேர்லைன்தான் வேண்டுமென்றால் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடட்டும், மழைநீர் வழிந்துவிடும்.

316-ஐ வாங்கி 304-க்கான வெல்டிங் கம்பியால் ஒட்டுவதும் நடக்கிறது. 316எல் வெல்டிங் கம்பிதான் வேண்டும். இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய மாலிப்டினம் மற்ற இடமெல்லாம் இருக்கும், மூட்டில் மட்டும் இருக்காது. அரிப்பு மூட்டைத்தான் தேடி வரும்.

தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி கடலோரக் கொண்டோ (அடுக்குமாடி வீடு), பட்டர்வொர்த் கடற்கரைச் சாலை: இங்கெல்லாம் கையால் பிடிக்கும் கம்பிக்கு என் ஓட்டு 316. அதுவும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பவர்களுக்கு. துடைக்க ஆளில்லாத வாடகை வீட்டுக்கு அலுமினியத்தைப் பாருங்கள்.

2205 என்று ஒரு ஸ்டெயின்லெஸ் தரமும் உண்டு. குரோமியம் 22, அந்தக் கணக்கில் 35. அலை மேலே தெறிக்கிற படகுத்துறைக்கு அது. காந்தம் ஒட்டும், பயப்பட வேண்டாம். வீட்டு கேட்டுக்கு இதைச் சிபாரிசு செய்கிறவர் உங்கள் பணப்பையைச் சிபாரிசு செய்கிறார்.

ஜிஐ: இரண்டு வகை, ஒரே பெயர்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் ஜிஐ குழாய் பெரும்பாலும் முன்பே துத்தநாகம் பூசிய தகட்டிலிருந்து வளைத்தது. இசட்275 என்ற தரமே ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான்தான். அதை வெட்டி ஒட்டும்போது மூட்டில் துத்தநாகம் எரிந்துபோகும், வெள்ளிப் பெயின்ட் தடவி மறைப்பார்கள். இன்னொன்று, கேட்டை முழுசாகச் செய்து முடித்துவிட்டு சுமார் 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது. 1.5 முதல் 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக்கு சராசரி 55 மைக்ரான் ஏறும். மூட்டும் உள்பக்கமும் சேர்ந்தே பூசப்படும்.

துத்தநாகம் குழி குழியாகப் போவதில்லை, பரவலாகத் தேயும். அதனால் கணக்குப் போட முடிகிறது. சர்வதேசத் தர அளவையில் நடுத்தரச் சூழலுக்கு வருடம் 0.7 முதல் 2.1 மைக்ரான். கடுமையான கடலோரத்துக்கு 4.2 முதல் 8.4. முக்கி எடுத்த 55 மைக்ரான் கடலிலிருந்து தள்ளிய ஊரில் இருபத்தைந்து வருடம் தாண்டும், கடலோரத்தில் ஆறு முதல் பதிமூன்று வருடம். கடைக் குழாயின் 20 மைக்ரான் கடலோரத்தில் இரண்டிலிருந்து ஐந்து வருடம்.

கீறல் விழுந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். மேலே சொன்ன "தாழ்ந்தது பலியாகும்" விதியை நமக்குச் சாதகமாகத் திருப்பிய வேலை இது. மறைந்த செலவு: தொட்டி உள்ள தொழிற்சாலைக்கு ஏற்றி இறக்கும் லாரிக் கூலி, மூடிய குழாய்களில் காற்றுத் துளை போடுவது (துளை இல்லாத குழாய் தொட்டியில் வெடிக்கும்), மேலே நிறம் வேண்டுமென்றால் துத்தநாகத்துக்குரிய பிரைமர். முக்கி எடுத்த பிறகு "ஒரு கீல் மட்டும் ஒட்டிக்கிறேன்" என்று வெல்டர் வந்தால் விடாதீர்கள்.

அலுமினியம்: பெட்டி போல் மடியும் கேட்

இப்போதெல்லாம் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) தண்டவாளம் இல்லாமல் மடிகிற அலுமினிய கேட்தான் மோஸ்தர். லேசு, மோட்டாருக்குச் சுமை குறைவு, பௌடர் பூச்சு அழகு. பலவீனம் திருகாணியில். ஸ்டெயின்லெஸ் திருகாணி அலுமினியத்தில் இறங்கும் இடத்தில் பூச்சு உடைகிறது, அங்கே உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகிப் பூச்சைப் புழு ஓடியது போல் தூக்கும். நைலான் வாஷர் போட்டாலே பாதி தீரும். அலுமினிய ரிவெட்டை ஸ்டெயின்லெஸ் தகட்டில் அடிப்பது இதன் தலைகீழ், அதை விட மோசம்: சின்ன ரிவெட், பெரிய தகடு, ரிவெட் சீக்கிரம் காலி. ஈரச் சிமெண்ட் பட்டாலும் அலுமினியம் கறுக்கும்.

| உலோகம் | எப்படிப் போகும் | கண்ணில் படாத செலவு | எங்கே நல்லது |
|---|---|---|---|
| 201 | குழி, இடுக்கு | மறுபடியும் மாற்றுவது | வீட்டுக்குள் மட்டும் |
| 304 | இடுக்கு, வெல்டிங் ஓரம் | அமிலப் பசை, தனிப் பட்டறை மேசை | கடலிலிருந்து தள்ளிய ஊர், மழை படும் கேட் |
| 316 | பழுப்புக் கறை, மோசமான இடுக்கு | பளபளப்புக் கூலி, துடைக்கும் கை | கடலோரக் கம்பி |
| முக்கி எடுத்த ஜிஐ | பரவலாகத் தேய்வு | லாரி, காற்றுத் துளை, பிரைமர் | கனமான கேட், வேலி |
| அலுமினியம் | திருகாணி ஓரம் | வாஷர், பூச்சு பழுது | மடிப்பு கேட், துடைக்க ஆளில்லாத வீடு |

304-ம் வேண்டாம், 316-ம் வேண்டாம் என்னும் இடம்

மூடிய நீச்சல்குளத்தின் கூரை. 1985 மே மாதம் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியவை ஸ்டெயின்லெஸ் கம்பிகள். குளத்துக் குளோரினிலிருந்து எழும் ஆவி கூரையில் படிந்து, மழையும் துணியும் படாத இடத்தில் வருடக்கணக்கில் சேர்ந்து, இழுவிசையில் தொங்கிய கம்பிகளை வெடிக்க வைத்தது. அதற்கு முன்பு குளோரைடு வெடிப்பு சுமார் 50 டிகிரிக்கு மேல்தான் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அங்கே சூடு ஒன்றும் பெரிதில்லை. கொண்டோ நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்தால், மூடிய குளத்துக்கு மேலே எதையாவது தொங்கவிடும்போது "எஸ்எஸ் போட்டாச்சு" என்று விட்டுவிட வேண்டாம். 6 சதவீதம் மாலிப்டினம் உள்ள 1.4529, 1.4547 போன்ற தரங்கள் இதற்கென்றே இருக்கின்றன. குளத்தில் இறங்கும் ஏணிக்கு 316 சரி. அது தினமும் நனைந்து கழுவப்படுகிறது.

சூரிய வெந்நீர்த் தொட்டியிலும் இந்த வெடிப்பு வரும், அங்கே சூடு உண்மையிலேயே உண்டு. அதில் வெல்டிங் மூட்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

அக்கா வீட்டில் என்ன செய்தோம்

பால்கனிக்கு 316எல், கண்ணாடிப் பளபளப்பு. கீழே கார் போர்ச்சுக்கு முன்னால் இருக்கும் கேட்டை முக்கி எடுத்த ஜிஐ-யில் செய்து, பிரைமர் போட்டுக் கறுப்பு அடித்தோம். இரண்டுக்கும் 316 போட அக்கா தயாராகத்தான் இருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன், அந்தக் காசில் முழுச்சுற்று வெல்டிங்கும் அமிலப் பசை வேலையும் முடிந்தது.

வேலை முடிந்த அன்று தூணின் அடியைப் பார்த்துவிட்டு, "மூடி எங்க தம்பி, மொட்டையா இருக்கே" என்றார். மூடி கிடையாது அக்கா, தண்ணீர் ஓடட்டும் என்றேன். அவருக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. மூடி இல்லாத ஒவ்வொரு தூணுக்கும் முன்னால் ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறார். தூணை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.